இயந்திரனின் திணை: சுஜாதாவின் அறிவியல் புனைகதைகளும் தமிழ்த் திறனாய்வின் மூன்று பிழைகளும்

முன்னுரை

தமிழில் அறிவியல் புனைகதை என்றவுடன் முதற்கண் நினைவுக்கு வரும் பெயர் சுஜாதா. அவர் மறைந்தது 2008 பிப்ரவரி 27. அதன்பின் அவரைப் பற்றிய பேச்சு குறையவில்லை, பெருகியே வந்துள்ளது. பட்டப்பேற்றுக்கான ஆய்வேடுகளும் பல எழுந்துள்ளன. ஆயினும் அவற்றுள் பெரும்பாலானவை பாத்திரப் படைப்பு, சமுதாயச் சிக்கல்கள், மொழிநடை, உத்திகள் என்னும் ஆயத்த இயல் பகுப்புக்குள் எந்தப் படைப்பாளரையும் பொருத்திவிடும் போக்கிலேயே அமைகின்றன. மு.வரதராசனாருக்கும் அகிலனுக்கும் நா.பார்த்தசாரதிக்கும் பயன்பட்ட அதே சட்டகம், ஒரு சொல்லும் மாறாமல் சுஜாதாவுக்கும் பயன்படுமாயின், பிழை சட்டகத்தைக் கையாள்வோரிடமே உள்ளது.

சுஜாதாவின் அறிவியல் புனைகதைகளைத் தமிழ்த் திறனாய்வு மூன்று வகையில் தவறாக அணுகி வந்துள்ளது. மயிற்பொறி முதலான பழங்கதைகளோடு அவற்றை இணைத்துத் தொன்மை பேசுவது ஒன்று. நாளைய நிகழ்ச்சிகளை முன்கூட்டிச் சொன்னவர் என்று வியப்பது மற்றொன்று. பிறமொழிச் சொற்களை எண்ணிக் குறை காண்பது பிறிதொன்று. இம்மூன்றும் தம்முள் முரண்படுவனபோலத் தோன்றினும், படைப்பைப் படிக்காமல் தவிர்ப்பதில் ஒன்றுபடுகின்றன. அவ்வாறு தவிர்ப்பதால் நேரும் இழப்பு சென்னை, மதுரை, தஞ்சைத் துறைகளோடு நிற்பதில்லை. பாலக்காட்டு எல்லையில் கோபாலபுரம் போன்ற ஊர்களிலிருந்து தமிழ் கற்க வரும் மாணவர்வரை அது சென்று சேர்கிறது.

வாழ்வும் பணியும்

சுஜாதாவின் இயற்பெயர் எஸ். ரங்கராஜன். 1935 மே 3 அன்று சென்னைத் திருவல்லிக்கேணியில் பிறந்தவர். திருவரங்கத்தில் பாட்டியின் அரவணைப்பில் வளர்ந்தார். திருச்சிராப்பள்ளித் தூய வளனார் கல்லூரியில் இயற்பியலும், குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் மின்னணுவியலும் பயின்றார். நடுவண் அரசின் குடிமை விமானத் துறையில் வான்வழிப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டுப் பணியாற்றிய பின்னர்ப் பெங்களூரில் பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் சேர்ந்து ஓய்வுபெறும்வரை அங்கே பணிபுரிந்தார். குமுதம் இதழில் ரா.கி. ரங்கராஜன் என்னும் எழுத்தாளர் ஏற்கெனவே புகழ்பெற்றிருந்தமையால், பெயர்க் குழப்பம் நேராதிருக்கத் தம் மனைவியின் பெயரைப் புனைபெயராகக் கொண்டார். கணையாழியில் எழுதிய கடைசிப் பக்கங்களுக்கு ஸ்ரீரங்கம் எஸ்.ஆர். என்பது அவர் கொண்ட பெயர்.

இவ்வாழ்க்கைக் குறிப்பில் ஆய்வாளர் பலரும் ஒரு வரியில் கடந்துசெல்லும் செய்தி ஒன்று உண்டு. அது மின்னணு வாக்குப்பதிவு இயந்திரம். பாரத் எலக்ட்ரானிக்ஸ், ஐதராபாத்தைச் சேர்ந்த ஈ.சி.ஐ.எல். ஆகிய இரு பொதுத்துறை நிறுவனங்களில் இவ்வியந்திரம் உருவாயிற்று. பாரத் எலக்ட்ரானிக்சில் அதன் வடிவமைப்பிலும் உற்பத்தியிலும் பொறுப்பேற்றிருந்தவர் ரங்கராஜன். இதற்காக அவருக்கு வாஸ்விக் விருதும் வழங்கப்பெற்றது. இவ்வியந்திரம் தேர்தலில் முதன்முதலாகப் பயன்பட்டது 1982 மே மாதம், கேரளத்தின் பரவூர்ச் சட்டமன்றத் தொகுதியில், 50 வாக்குச்சாவடிகளில். சட்டத்தில் அதற்கு இடமில்லை என்று கூறி உச்ச நீதிமன்றம் 1984-இல் அவ்வாக்குப்பதிவைச் செல்லாததாக்கியது. 1988 டிசம்பரில் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் திருத்தப்பெற்ற பின்னரே இயந்திரத்திற்குச் சட்ட ஒப்புதல் கிடைத்தது. 2004 மக்களவைத் தேர்தலில் நாடு முழுவதும் அது பயன்பட்டது.

பரவூரில் எழுந்த வினா சட்டத்தைப் பற்றியதாக மட்டும் அமையவில்லை. தாளில் இட்ட முத்திரையைக் கண்ணால் காணலாம். பெட்டிக்குள் பதிவானதைக் காண இயலாது. காண இயலாத ஒன்றைக் குடிமகன் எதனால் நம்புவது? இவ்வினாவைத் தொழிலில் எதிர்கொண்ட ஒருவர், 1980களின் நடுப்பகுதியில் ஆனந்த விகடனில் எழுதிய தொடரில் எத்தகைய அரசைப் படைத்தார் என்பது எந்தத் திறனாய்வாளருக்கும் முதலில் தோன்ற வேண்டிய ஐயம். எழுத்தாளர் வேறு, பொறியாளர் வேறு என்று இரு கூறாக்கிக் காணும் வழக்கமே அவ்வையத்தை எழவிடாமல் தடுத்துள்ளது.

வார இதழ் எழுத்து என்னும் ஒதுக்கல்

வணிக இதழில் எழுதியவர் என்ற காரணத்தாலேயே சுஜாதாவைத் தீவிர இலக்கிய மதிப்பீட்டிலிருந்து விலக்கியோர் உளர். சாகித்திய அகாதெமி விருது அவருக்கு வழங்கப்பெறவில்லை. மராத்தியில் அறிவியல் புனைகதை வளர்த்த வானியலறிஞர் ஜயந்த் நார்ளீகருக்கு 2014-இல் அவ்விருது கிடைத்தது. அதுவும் அவருடைய தன்வரலாற்று நூலுக்கே. இவ்வகை இலக்கியத்தின் மீதுள்ள தயக்கம் தமிழுக்கு மட்டும் உரியதன்று என்பதை இது காட்டும்.

வார இதழ்த் தொடரின் குறைகள் சுஜாதாவிடம் இல்லை என்று வாதிடத் தேவையில்லை. இயல்தோறும் இறுதியில் ஓர் அதிர்ச்சியை நிறுத்த வேண்டிய கட்டாயம் கதையைப் பல இடங்களில் இழுத்துச் செல்கிறது. விளக்கி நிறுவ வேண்டிய அறிவியல் கருத்து ஒரு நகைச்சுவைத் தொடரில் முடிந்துவிடுகிறது. பெண் பாத்திரங்களின் புற அழகில் தேவைக்கு மேல் நிற்கும் வருணனைகளும் உள. இவை கண்டிக்கத்தக்கனவே. எனினும் குறையைச் சொல்வதற்கும் படைப்பைப் படித்திருத்தல் வேண்டும். வெளிவந்த இடத்தை வைத்தே மதிப்பை முடிவு செய்வது திறனாய்வு ஆகாது. தொடராக வெளிவந்தமையாலேயே தள்ளப்பட வேண்டுமெனின், தமிழ்ப் புதின வரலாற்றில் எஞ்சுவன சிலவே.

முதற்பிழை: தொன்மை தேடுதல்

அறிவியல் புனைகதையைப் பற்றிப் பேசப்புகும் கட்டுரைகளில், சீவக சிந்தாமணியின் மயிற்பொறியும் பெருங்கதையின் எந்திர யானையும் தவறாது இடம்பெறுவதைக் காணலாம். சச்சந்தன் செய்வித்த மயிற்பொறியில் விசயை ஏறிச் செல்கிறாள். எந்திர யானையால் உதயணன் சிறைப்படுகிறான். ஆகவே அறிவியல் புனைகதை தமிழுக்குப் புதிதன்று என்று முடிவு கூறப்படுகிறது.

இம்முடிவு அக்காப்பியங்களுக்கும் நன்மை செய்யவில்லை, புதிய இலக்கிய வகைக்கும் நன்மை செய்யவில்லை. மயிற்பொறி திருத்தக்கதேவரின் காப்பியத்தில் அரசியின் துயரை இடுகாட்டுக்குக் கொண்டுசேர்க்கும் கருவி. அரண்மனையில் இருந்தவளை ஒரே பொழுதில் பிணஞ்சுடும் காட்டில் இறக்கி, அங்கே சீவகனைப் பிறக்கச் செய்யும் காப்பியத் திறம் அதில் உள்ளது. கொங்குவேளிரின் எந்திர யானையோ பகைவனின் சூழ்ச்சி. யானைமீது உதயணன் கொண்ட வேட்கையே அவனைச் சிக்கவைக்கிறது. இரண்டிலும் பொறி கதையை நகர்த்துகிறது. பொறியினால் சமுதாயம் மாறுவதில்லை. மயிற்பொறி பறந்த பின்னும் ஏமாங்கத நாட்டில் உழவும் வணிகமும் அரசும் முன்போலவே நடைபெறுகின்றன.

அறிவியல் புனைகதை தொடங்குவது இதன் மறுதலையில். ஒரு கருவியோ கண்டுபிடிப்போ வந்தபின் மனிதர் உண்பதும் மணப்பதும் ஆளப்படுவதும் எவ்வாறு மாறும் என்பதே அதன் வினா. இவ்வினா தொழிற்புரட்சிக்குப் பிற்பட்டது. வங்கத்தில் ஜகதீச சந்திர போஸ் 1896-இல் இவ்வகைக் கதை ஒன்றை எழுதினார். ரொக்கேயா எழுதிய ‘சுல்தானாவின் கனவு’ என்னும் ஆங்கிலக் கதை 1905-இல் சென்னையிலிருந்து வெளிவந்த மகளிர் இதழ் ஒன்றில் அச்சேறியது. அதில் கதிரவன் வெப்பத்தைப் பயன்கொள்ளும் பெண்கள் நாட்டை ஆள, ஆடவர் வீட்டுக்குள் அடங்கியிருக்கின்றனர். கருவி மாறியதும் ஆட்சி மாறுகிறது. மயிற்பொறிக்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டை அறியாமல் தொன்மை பேசுவது, பழமைக்கு மதிப்புத் தருவதுபோல் தோன்றிப் பழமையையும் புதுமையையும் ஒருசேரக் குழப்புவதாகும்.

இரண்டாம் பிழை: முன்னறிவிப்பை வியத்தல்

சுஜாதாவைப் போற்றுவோரின் பிழை இது. இன்று கையில் உள்ள கருவி ஒவ்வொன்றையும் அவர் அன்றே எழுதிவிட்டார் என்று பட்டியலிடுவோர் பலர். இவ்வளவையால் அளந்தால் அறிவியல் புனைகதை எழுத்தாளருக்கும் சோதிடருக்கும் வேறுபாடின்றிப் போகும். பலித்தவற்றை எண்ணுவோர் பலிக்காதவற்றை எண்ணுவதில்லை என்பதும் இவ்வளவையின் குறை.

‘என் இனிய இயந்திரா’ நிகழும் காலம் இருபத்தொன்றாம் நூற்றாண்டின் இருபதுகள். அக்காலம் வந்துவிட்டது. குழந்தை பெற அரசின் இசைவு வேண்டும், முதியோரின் வாழ்நாளுக்கு அரசே எல்லை வகுக்கும் என்னும் அப்புதினத்தின் விதிகள் நடைமுறைக்கு வரவில்லை. முன்னறிவிப்பே அளவுகோல் எனின் அப்புதினம் தோற்றுவிட்டது என்றே கூற வேண்டும். அவ்வாறு எவரும் கூறுவதில்லை. கூறாமையிலிருந்தே அளவுகோல் பொருந்தாது என்பது பெறப்படும்.

2024 சனவரியில், மறைந்த முதலமைச்சர் மு. கருணாநிதியின் உருவும் குரலும் செயற்கை நுண்ணறிவால் உருவாக்கப்பெற்று நூல் வெளியீட்டு விழா ஒன்றின் திரையில் தோன்றின. தமிழ் வாசகர் பலருக்கும் உடனே ஜீவா நினைவுக்கு வந்திருத்தல் கூடும். அப்புதினத்தில் நாட்டை ஆளும் ஜீவா என்னும் தலைவர் ஒளியால் ஆன வெற்றுருவம் என்பது பின்னர் வெளிப்படும். இவ்வொற்றுமையைக் கண்டு அன்றே சொன்னார் என்று வியந்து நிற்போர் புதினத்தின் வினாவைத் தவறவிடுகின்றனர். உருவம் பொய் என்று தெரிந்த பின் மக்கள் என்ன செய்கின்றனர் என்பதே அங்குள்ள வினா. ஜீவா இல்லை என்பது வெளிப்பட்டதும் விடுதலை வருவதில்லை. நிலா அரியணையில் அமர்த்தப்படுகிறாள். ஆட்சி வேறு சிலர் கையில் தொடர்கிறது. பொய்யுருவம் அகன்ற இடத்தில் மெய்யுருவம் ஒன்று பொம்மையாக வைக்கப்படுகிறது. தொழில்நுட்பம் அம்பலமானாலும் அதிகாரம் கலைவதில்லை என்னும் இக்கசப்பான முடிவை எட்டியவர், இயந்திரத்தின் உள்ளும் புறமும் அறிந்த பொறியாளர் என்பது கருதத்தக்கது.

மூன்றாம் பிழை: சொற்களை எண்ணுதல்

சுஜாதா ஆங்கிலச் சொற்களை அளவிறந்து கலந்து தமிழைக் கெடுத்தார் என்னும் குற்றச்சாட்டு துறைசார் கருத்தரங்குகளில் பழகிப்போன ஒன்று. அறிவியல் தமிழ் வளர்ச்சிக்குப் பெ.நா. அப்புசுவாமி, வா.செ. குழந்தைசாமி, மணவை முஸ்தபா முதலியோர் ஆற்றிய தொண்டு பெரிது. 1981-இல் நிறுவப்பெற்ற தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகமும் இத்துறையில் உழைத்துள்ளது. கணினி, மென்பொருள், வன்பொருள் போன்ற சொற்கள் இன்று வழக்கில் நிலைபெற்றமை இத்தகையோர் உழைப்பின் பயன். அதில் கருத்து வேறுபாட்டுக்கு இடமில்லை.

ஆனால் கலைச்சொல் அகராதிக்கு உரிய அளவுகோலைப் புனைகதைக்குப் பொருத்துவது எவ்வாறு தகும்? பாத்திரம் பேசுவதைப் பாத்திரத்தின் வாயால்தான் கேட்க முடியும். தொல்காப்பியர் எச்சவியலில் செய்யுட்குரிய சொற்களை இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என நான்காக வகுத்தார். பிறமொழிச் சொல்லை விலக்கவில்லை. தமிழ் எழுத்துக்கு இயைந்து வருதலையே விதியாக வைத்தார். செய்யுளுக்கே இவ்விரிவு உண்டெனில் புனைகதையின் உரையாடலுக்கு அதனினும் குறுகிய எல்லை வகுப்பது மரபும் ஆகாது.

மேலும், சொற்களை எண்ணுவோர் சுஜாதா ஆக்கிய சொற்களை எண்ணியதில்லை. நுண்மின்னணுவியலைப் பற்றிய அவருடைய நூல் ‘சிலிக்கன் சில்லுப் புரட்சி’ எனப் பெயர் பெற்றது. சில்லு என்பது சிறுமியர் கட்டம் கீறித் தாவி ஆடும் ஆட்டத்தில் எறியும் ஓட்டுத் துண்டு. தட்டையான, சிறிய, கைக்குள் அடங்கும் பொருள் என்னும் படிமம் முழுவதும் அச்சொல்லில் வந்துவிடுகிறது. மூளையைப் பற்றிய தொடருக்கு அவர் இட்ட பெயர் ‘தலைமைச் செயலகம்’. கோப்புகள் வருவதும் ஆணைகள் செல்வதும் தாமதங்கள் நேர்வதும் ஆகிய அரசு அலுவலகத்தின் இயக்கத்தை நரம்பு மண்டலத்துக்கு ஏற்றிச் சொல்லும் உருவகம் அது. தலை என்னும் உறுப்பும் அத்தொடரில் ஒளிந்திருக்கிறது. அகராதியில் சொற்பிறப்புத் தேடி ஆக்கியவை அல்ல இவை. தெருவிலும் அலுவலகத்திலும் வழங்கியவற்றை எடுத்துப் புதுப்பொருளில் ஆண்டவை. கலைச்சொல்லாக்க நெறிமுறைகளைப் பேசும் நூல்களில் இவ்வழி தனித்து ஆராயப்பட வேண்டும்.

இயந்திரனின் திணை

மேற்கூறிய மூன்று பிழைகளையும் நீக்கிப் படித்தால் புலப்படுவது யாது? அதற்கான கருவி தமிழ்த்துறைகளின் கையிலேயே உள்ளது. அது திணைப் பாகுபாடு.

‘என் இனிய இயந்திரா’ என்னும் தலைப்பு விளி. இயந்திரம் என்னும் அஃறிணைச் சொல்லை விளித்தால் இயந்திரமே என்றாகும். தலைப்பில் வருவது இயந்திரா. அன் ஈற்று உயர்திணைப் பெயர் விளியேற்கையில் ஆவாகத் திரியும் என்பது தொல்காப்பியர் விளிமரபில் கூறிய நெறி. ஆகவே இத்தலைப்பு இயந்திரம் என்பதை இயந்திரன் ஆக்கிப் பின் விளிக்கிறது. புதினத்தின் கதை முழுவதும் இம்மாற்றத்தில் அடங்கியுள்ளது.

ஜீனோ நாய் வடிவில் செய்யப்பெற்ற பொறி. விலங்கும் அஃறிணை, பொறியும் அஃறிணை. இரட்டை அஃறிணை எனலாம். விளையாட்டுப் பொருளாகவே அது நிலாவின் வீட்டுக்கு ரவியுடன் வருகிறது. பின்னர் நூல்களைப் படிக்கிறது, எண்ணுகிறது, தானே முடிவெடுக்கிறது. மரபியலில் புல்லும் மரமும் ஓரறிவு எனத் தொடங்கி மனத்தை ஆறாம் அறிவாக வைத்து மக்களை அதற்கு உரியராக்குவார் தொல்காப்பியர். ஜீனோ ஐந்தறிவைக் கடக்காமலே ஆறாம் அறிவுக்குத் தாவுகிறது. அதற்கு நாவின் சுவையோ உடலின் ஊறோ இயல்பாக இல்லை. மனம் மட்டும் உண்டாகிறது. மரபியலின் ஏணியில் கீழ்ப்படிகள் இன்றி மேற்படியில் நிற்கும் இவ்வுயிரை எங்கே வைப்பது என்பது தமிழ் இலக்கணத்துக்கு உண்மையான சிக்கல்.

மறுபுறம் மக்கள் அஃறிணையை நோக்கிச் சரிகின்றனர். ஜீவாவின் ஆட்சியில் பெயர்கள் ஈரெழுத்தாகக் குறுகியுள்ளன. நிலா, சிபி, ரவி, மனோ என்பன அவ்வகையின. மேலை இலக்கியத்தில் சம்யாத்தின் ‘நாம்’ புதினத்தில் குடிமக்கள் எழுத்தாலும் எண்ணாலும் குறிக்கப்படுவர். அதன் சாயல் இது என்று கூறி ஒப்பாய்வை முடித்துக்கொள்வோர் ஒன்றைக் கவனிப்பதில்லை. எண்ணுக்குப் பழைய பொருள் இல்லை, பெயருக்கு உண்டு. புறாவின் பொருட்டுத் தன் உடலையே துலையில் வைத்த சோழர் குடி முன்னோன் சிபி. புதினத்தின் சிபியோ ஒருநாள் காணாமற் போகும் குடிமகன். அவனைத் தேடி அலைவது அவன் மனைவியின் பாடாகிறது. காக்கும் அரசனின் பெயரைக் காக்கப்படாத குடிமகனுக்கு இடுவதில் உள்ள அங்கதம் தமிழ் மரபை அறிந்தவருக்கே விளங்கும். தமிழ்த்துறையினரே இதைச் சுட்டாவிடின் வேறு எவர் சுட்டுவர்?

இவ்வாறு பொறி மேலேறவும் மனிதர் கீழிறங்கவும் நடுவே ஜீவா என்னும் தலைவர் திணையே இன்றி ஒளியாக நிற்கிறார். உயர்திணை வினைமுற்றுகளால் மக்கள் அவரைப் போற்றுகின்றனர். வினைமுற்றுக்கு உரிய எழுவாய் அங்கே இல்லை. வாக்குப்பதிவு இயந்திரத்தின் முன் நின்ற குடிமகனின் ஐயம் புனைகதையில் எடுத்த வடிவம் இதுவே எனலாம். ‘சொர்க்கத் தீவு’ என்னும் முந்தைய புதினத்திலும், தீவு ஒன்றுக்குக் கொண்டுசெல்லப்படும் கணிப்பொறி வல்லுநன் கட்டுப்படுத்தப்பட்ட சமுதாயத்தைக் காண்கிறான். எனவே இச்சிந்தனை ஒரு புதினத்தில் தற்செயலாக நேர்ந்ததன்று. ‘மீண்டும் ஜீனோ’ இதன் தொடர்ச்சி. சுஜாதாவின் மறைவுக்குப் பின் 2010-இல் வெளிவந்த, அவர் பங்களிப்பைக் கொண்ட திரைப்படத்தின் பெயர் ‘எந்திரன்’ என அன் ஈறு பெற்றமையும் இவ்வரிசையில் வைத்து எண்ணத்தக்கது.

செயற்கை நுண்ணறிவுக் கருவி தமிழில் விடை சொல்லும் இக்காலத்தில், அதனை அது என்பதா, அவர் என்பதா என்னும் ஐயம் நாள்தோறும் எழுகிறது. இதற்கு விடை தேட இலக்கண மரபும் உண்டு, அம்மரபை உரசிப் பார்த்த புதினமும் உண்டு. இரண்டையும் இணைக்கும் ஆய்வுதான் போதிய அளவு இல்லை.

எல்லைப்புற வகுப்பறை

இவ்விழப்பு யாரைத் தொடுகிறது என்பதை எல்லைப்புறத்தில் வைத்துக் காணலாம். பொள்ளாச்சிக்கு மேற்கே பாலக்காடு மாவட்ட எல்லையில் கோபாலபுரம் உள்ளது. 1956 மாநிலச் சீரமைப்பின்போது தமிழ்நாட்டுடன் இணைக்குமாறு கோரப்பட்டுக் கேரளத்திலேயே நின்ற வட்டங்களுள் சித்தூரும், இடுக்கி மலைப்பகுதியின் தேவிகுளம், பீர்மேடும் அடங்கும். இப்பகுதிகளில் தமிழ் மொழிச் சிறுபான்மையினரின் கல்வி மொழியாக விளங்குகிறது. சித்தூர் அரசுக் கல்லூரியில் தமிழ்த்துறை இயங்கி வருகிறது.

இவ்வெல்லையில் தமிழ் பயிலும் மாணவருக்கு இருமொழிச் சூழல் இயல்பு. ஆட்சிமொழி மலையாளம், வீட்டுமொழி தமிழ், தொழில்நுட்பச் சொற்களோ இரு மொழிக்கும் பொதுவாக ஆங்கிலத்திலிருந்து வந்தவை. அவரிடம் சென்று கலப்பற்ற சொல்லே தமிழ் என்று கூறின், அவர் பேசும் தமிழ் தமிழே அன்று என்று கூறியதாகும். திசைச்சொல்லுக்கு உரிய நிலங்களைக் கூறும் உரையாசிரியர்கள் குட்டநாட்டையும் குடநாட்டையும் அவற்றுள் சேர்த்தனர். மேற்குத் திசையின் வழக்கை இலக்கணத்துக்குள் ஏற்ற பெருமனம் பழைய உரைகளில் உண்டு. அது பிற்காலப் பாடத்திட்டங்களில் சுருங்கிவிட்டது.

அம்மாணவருக்குத் தமிழ்ப் பாடம் பழம்பெருமையாக மட்டும் அளிக்கப்பெற்றால், இக்காலத்தைச் சிந்திக்கும் மொழி வேறு என்னும் முடிவுக்கே அவர் வருவார். வாக்குப்பதிவு இயந்திரம் முதன்முதலில் பயன்பட்டது அவர் வாழும் மாநிலத்திலேயே. அதனை உருவாக்கியோருள் ஒருவர் தமிழில் எழுதினார். மக்களாட்சியும் இயந்திரமும் மோதும் களத்தைத் தமிழ்ப் புதினத்தில் அமைத்தார். இச்செய்தி பாடமாகும்போது, தமிழில் எதனையும் சிந்திக்கலாம் என்னும் உறுதி அவருக்குப் பிறக்கும். தமிழ்நாட்டுக்கு வெளியே தமிழ் பயில்வோர் அனைவருக்கும் இது பொருந்தும்.

முடிவுரை

தொன்மை தேடுவோர் சுஜாதாவுக்கு முன்னரே எல்லாம் இருந்தது என்பர். முன்னறிவிப்பை வியப்போர் பின்னர் வந்தன எல்லாம் அவரிடம் இருந்தன என்பர். சொல்லெண்ணுவோர் அவரிடம் தமிழே இல்லை என்பர். மூவரும் நூலைத் திறக்காமலே பேச இயலும். இந்நிலை மாறச் சில பணிகள் உடனடியாகத் தேவை.

முதலாவது, இதழ்களில் வெளிவந்த வடிவத்தோடு நூல் வடிவத்தை ஒப்பிட்டு, முதல் வெளியீட்டு நாளையும் இதழையும் குறிக்கும் ஆய்வுப் பதிப்பு வர வேண்டும். சங்கப் பாடலுக்குப் பாடவேறுபாடு காணும் துறைகள், நாற்பது ஆண்டுகளுக்கு முன் வார இதழில் வெளிவந்த தொடரின் பழைய இதழ்ப் படிகள் சிதைந்து மறையும்வரை காத்திருத்தல் தகாது. இரண்டாவது, அறிவியல் புனைகதையை அறிவியல் தமிழின் பிற்சேர்க்கையாகக் கொள்ளாமல் தற்கால இலக்கியத் தாளில் தனி அலகாக வைத்தல் வேண்டும். சுஜாதாவோடு, ‘விசும்பு’ தொகுதியில் ஜெயமோகன் முயன்ற வேறுபட்ட வழியும் அங்கே ஒப்பிடப்படலாம். மூன்றாவது, திணை, விளி, மரபியல் அறிவுப் பகுப்பு ஆகிய இலக்கணக் கருவிகளை இக்காலப் புனைகதைக்குப் பொருத்திப் பார்க்கும் ஆய்வுகள் ஊக்குவிக்கப்பெற வேண்டும்.

சுஜாதாவின் படைப்புகள் அனைத்தும் நிலைபெறும் என்பது இக்கோரிக்கைகளின் கருத்தன்று. அவற்றுள் பல காலத்தோடு கழியும். ஆயப்பெற்றுக் கழிதல் வேறு, ஆயப்பெறாமல் கழிதல் வேறு. இயந்திரத்தை இயந்திரா என்று விளித்த ஒரு தலைப்பின் இலக்கணத்தை விளக்கத் தமிழ்த்துறை முன்வராவிடின், அப்பணியை ஏற்பதற்கு உலகில் வேறு துறை இல்லை.